இருட்டறை தந்த கருவிகள்

மாணவர்களே, ஃபோட்டோஷாப் என்னும் படம் திருத்தும் மென்பொருளில், குச்சி முனையில் வட்டத் தகடு பொருத்தியது போன்ற ஒரு சின்னமும், விரல் குவித்த கை ஒன்றும் காணப்படும். இரண்டும் படம் கழுவும் இருட்டறையிலிருந்து வந்தவை. நெகட்டிவின் வழியே தாளில் ஒளி விழுகையில், கலைஞர் ஓரிடத்தைத் தகட்டால் மறைப்பார், அவ்விடம் வெளுக்கும். கைகளைக் குவித்து ஓரிடத்திற்கு மட்டும் ஒளியை மிகுவிப்பார், அவ்விடம் கறுக்கும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் நோல், கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் சாயல்களைக் காட்டும் நிரலொன்றை 1987-இல் எழுதினார். அவர் தந்தையார் வீட்டிலேயே இருட்டறை வைத்திருந்தவர். திரைப்படத் துறையிலிருந்த இளவல் ஜான் துணைநிற்க, அந்நிரல் வளர்ந்து 1990-இல் அடோபி நிறுவனத்தின் வழி விற்பனைக்கு வந்தது.

இருட்டறையில் தாள் பாழானாலும் நெகட்டிவ் பிழைத்திருக்கும். மென்பொருளிலோ தொடக்கத்தில் திருத்தம் படத்தின் மேலேயே பதிந்தது. 1994-இல் வந்த அடுக்குகளே அக்குறையைத் தீர்த்தன. மேலடுக்கில் திருத்தினால் அடியிலுள்ள மூலம் மாறாது. வடிவமைப்புப் பயில்வோர் முதலில் கற்க வேண்டியது இதுவே. என் மாணவரொருவர் இதைக் கல்லாமல், தம் பாட்டியாரின் ஒரே படத்தை அடுக்கின்றித் திருத்தி அப்படியே சேமித்துவிட்டார். தாளிலிருந்த படத்தை முன்னரே கறையான் தின்றிருந்தது.