கிளாஸ் பொண்டஸ் ஆர்னோல்ட்சன்

கிளாஸ் பொண்டஸ் ஆர்னோல்ட்சன் (அக்டோபர் 27, 1844 – பெப்ரவரி 20, 1916) சுவீடன் நாட்டு அரசியல்வாதி, எழுத்தாளர், அமைதி இயக்கத் தலைவர் ஆவார். 1882 முதல் 1887 வரை சுவீடன் நாடாளுமன்றத்தின் இரண்டாம் அவையில் உறுப்பினராக இருந்தார். 1908 ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசை டென்மார்க்கின் பிரெடரிக் பாயருடன் பகிர்ந்து கொண்டார். இப்பரிசைப் பெற்ற முதல் சுவீடியர் இவரே.

வாழ்க்கை

கோத்தன்பர்க் நகரில் பிறந்தார். தந்தையின் மறைவால் பதினாறாம் அகவையில் பள்ளிப் படிப்பை விட்டுத் தொடருந்துத் துறையில் பணிக்குச் சேர்ந்தார். பின்னர் நிலையத் தலைவரானார். பணியிடையே வரலாறு, சமயம், மெய்யியல் ஆகியவற்றைத் தாமே கற்றார். 1864 ஆம் ஆண்டின் டென்மார்க் போரும் 1870-71 பிரெஞ்சு-செருமானியப் போரும் போர் எதிர்ப்புக் கருத்தை இவரிடம் வலுப்படுத்தின. 1881 இல் பணியை விட்டு விலகினார்.

நாடாளுமன்றப் பணி

அக்காலத்தில் சொத்தோ குறிப்பிட்ட வருமானமோ உடைய ஆண்களுக்கே இரண்டாம் அவைத் தேர்தலில் வாக்குரிமை இருந்தது. ஆர்னோல்ட்சன் வாக்குரிமை விரிவாக்கத்தையும் சமய உரிமையையும் ஆதரித்தார். சுவீடன் நிலையான நடுநிலை நாடாக வேண்டும் என 1883 இல் அவர் கொண்டு வந்த முன்மொழிவு ஏற்கப்படவில்லை. அதே ஆண்டில் சுவீடிய அமைதி மற்றும் நடுவர் தீர்ப்புச் சங்கம் தோன்ற முன்னின்று, அதன் செயலாளராகவும் இருந்தார். இச்சங்கம் இன்றும் இயங்குகிறது.

நோர்வே சிக்கல்

1814 முதல் சுவீடனும் நோர்வேயும் ஒரே மன்னரின் கீழ் இணைந்திருந்தன. நாடுகளுக்கிடையேயான பிணக்குகளை நடுவர் தீர்ப்பால் தீர்க்கும் உடன்படிக்கைகளைச் செய்யுமாறு 1890 இல் நோர்வே நாடாளுமன்றம் மன்னரைக் கேட்டுக் கொண்டது. இதற்கு ஆதரவு திரட்டியதில் நோர்வேயில் ஆர்னோல்ட்சன் ஆற்றிய சொற்பொழிவுகளுக்குப் பங்குண்டு. 1905 இல் நோர்வே பிரிந்தபோது இரு நாடுகளும் எல்லையில் படை திரட்டின. ஆர்னோல்ட்சன் நோர்வேயின் உரிமையை ஆதரித்தார். கார்ல்ஸ்டாட் நகரில் நடந்த பேச்சுவார்த்தையால் போர் தவிர்க்கப்பட்டது; வருங்காலப் பிணக்குகளை நடுவர் தீர்ப்புக்கு விடவும் அங்கு உடன்பாடு காணப்பட்டது.

நோபல் பரிசு

அமைதிப் பரிசை வழங்குவது நோர்வே நாடாளுமன்றம் அமைக்கும் குழு ஆகும். எனவே 1908 இல் பரிசு அறிவிக்கப்பட்டதும், தம் நாட்டுக்கு எதிராகச் செயற்பட்டவருக்கு நோர்வே அளித்த கைம்மாறு இது எனச் சுவீடியச் செய்தித்தாள்கள் பல சாடின. பிற நாடுகள் அனைத்தும் படைகளைக் கலைத்து, உலகம் முழுமைக்கும் பொதுவான காவற்படையொன்றை ஏற்குமாயின், தம் நாடும் அவ்வாறே செய்ய இசைவா என ஆண், பெண் அனைவரிடமும் வாக்கெடுக்க வேண்டும் என்று தம் நோபல் உரையில் ஆர்னோல்ட்சன் முன்மொழிந்தார்.

நூல்கள்

உலக அமைதி இயலுமா என்னும் வினாவைத் தலைப்பாகக் கொண்ட இவரது நூல் 1890 இல் வெளிவந்தது. அது பின்னர் ஆங்கிலத்திலும் வெளியிடப்பட்டது.

மறைவுக்குப் பின்

முதலாம் உலகப் போரின் நடுவே ஸ்டாக்ஹோமில் காலமானார். இரு உலகப் போர்களிலும் சுவீடன் போரில் இறங்கவில்லை. எனினும் அவர் கோரிய நிலையான நடுநிலை ஒருபோதும் சட்டமாகவில்லை. 2024 மார்ச் 7 அன்று சுவீடன் நேட்டோ அமைப்பில் இணைந்தது.