நூலா, மில்லிமீட்டரா? புதுச்சேரிப் பட்டறைகள் சொல்லும் கதை



உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலோ மோட்டார் கொட்டகையிலோ ஒரு பழைய தகர டப்பா கட்டாயம் இருக்கும். துருப்பிடித்த போல்ட்டு, நட்டு, ஒடிந்த ஸ்டட், அப்பா காலத்து ஸ்பேனர் எல்லாம் அதில் கிடக்கும். “எப்பவாவது உதவும்” என்று சேர்த்து வைத்தது. அந்த டப்பாவுக்குள் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. தெரியாமல் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையையே முதலில் சொல்கிறேன்.

பாகூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். நவரை நெல் பால் பிடிக்கிற சமயம். ஆயில் எஞ்சினில் டீசல் பம்பைப் பிடித்திருக்கும் நட்டு ஒன்று கழன்று எங்கோ விழுந்துவிட்டது. உதவிக்கு வந்த பையன் டப்பாவைக் கிளறி, அதே பருமனாகத் தெரிந்த ஒரு நட்டை எடுத்தான். நாலைந்து சுற்று நன்றாகவே போயிற்று. அப்புறம் இறுகியது. ஸ்பேனரில் குழாயைச் சொருகி ஒரு இழு இழுத்தான். “கல்லு மாதிரி பிடிச்சிருக்கு” என்றான். மறுநாள் எஞ்சின் ஓடிய அதிர்ச்சியில் மரை முழுவதும் உருவிக்கொண்டு, பம்பு ஆடி, எஞ்சின் நின்றது. ஸ்டட்டை மாற்றி ஓட்ட நாலு நாள் ஆயிற்று. அதற்குள் மேட்டு வயலில் பாதிக் கதிர் பதராகப் போயிற்று.

தப்பு எங்கே? ஸ்டட் மூணு நூல் அளவு. பையன் போட்ட நட்டு 10 மில்லிமீட்டர். இரண்டும் கண்ணுக்கு ஒன்று, வேலைக்கு வேறு. அன்று இறுகியது நட்டு பம்பை அழுத்தியதால் அல்ல. ஒரு மரை இன்னொரு மரையைக் கடித்துக்கொண்டதால்தான்.

பட்டறைக்காரர் ‘நூல்’ என்பது எட்டில் ஒரு பங்கு அங்குலம். எட்டு நூல் ஓர் அங்குலம், நாலு நூல் அரை அங்குலம். இது இங்கிலீஷ் கணக்கு. மில்லிமீட்டர் என்பது பிரான்சு தேசத்துக் கணக்கு. இரண்டு கணக்கும் ஒரே ஊரில் வந்து மோதிக்கொண்ட இடங்களில் நம்ம புதுச்சேரியும் ஒன்று.

குழிக் கணக்கை எண்ணிப் பாருங்கள். நம்ம பக்கம் ஒரு குழி என்றால் 576 சதுர அடி. தஞ்சாவூர்ப் பக்கம் 144 சதுர அடி. பேர் ஒன்றுதான், நிலம் வேறு. ஊர் தெரியாமல் குழிக் கணக்கு பேசினால் கிரயத்தில் ஏமாந்து போவோம். மரைக் கணக்கும் அப்படித்தான்.

முன்னொரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறை நட்டு இன்னொரு பட்டறை போல்ட்டில் ஏறாது. 1841-ல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர் இதற்கு ஓர் ஒழுங்கு சொன்னார். மரையின் சரிவு 55 டிகிரி இருக்க வேண்டும், இன்ன பருமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று வரையறுத்தார். இங்கிலீஷ்காரர் ஆண்ட இடமெல்லாம் அந்த மரை போயிற்று. 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர், அங்குலத்தையே வைத்துக்கொண்டு சரிவை 60 டிகிரி என்றார்.

பிரான்சு தேசத்தில் 1795-லேயே மீட்டர் சட்டம் வந்தது. 1840 முதல் அங்கே அது கட்டாயம். 1898-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் கூடிய மாநாட்டில், பிரெஞ்சு முறையை ஒட்டி மில்லிமீட்டர் மரைக்குப் பல தேசங்கள் ஒப்புக்கொண்டன. அதன் சரிவும் 60 டிகிரி.

அதே 1898-ல்தான் நம்ம முதலியார்பேட்டையில் ஆங்கிலோ-பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ் ஆலை பிறந்தது. ரோடியர் மில் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். பேரிலேயே இங்கிலீஷும் பிரெஞ்சும் சேர்ந்திருக்கிறது, பாருங்கள். அந்த ஆலை 2020-ல் மூடப்பட்டுவிட்டது.

எல்லையும் அந்தக் காலத்தில் ஒரு கோடாக இல்லை. ஒரு கிராமம் பிரெஞ்சு, அடுத்தது இங்கிலீஷ், அதற்கடுத்தது மறுபடியும் பிரெஞ்சு. வரப்பைத் தாண்டினால் வேறு ராஜ்ஜியம். ஆனால் கொல்லனுக்கும் ஃபிட்டருக்கும் வரப்பு ஏது? வில்லியனூரில் இருப்பவன் விழுப்புரத்து எஞ்சினுக்கும் வேலை பார்த்தான். டப்பாவில் எல்லாம் கலந்தது.

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படி முழுமையாகச் சேர்ந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சுக்காரர் போகிற நேரத்தில், 1956-ல், இந்தியா முழுவதற்கும் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. ஆக, நூல் கணக்கில் இருந்த நாடே மில்லிமீட்டருக்கு மாறத் தொடங்கியது. ஆனால் பழைய எஞ்சின் சட்டம் பார்த்து மாறுமா? இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி 1929 முதல் செய்த மெதுவோட்ட எஞ்சின் அங்குலக் கணக்கில் பிறந்தது. அதன் சிலிண்டர் விட்டம் நாலரை அங்குலம். அதைப் பார்த்து நம் நாட்டில் செய்த எஞ்சின்கள் இன்னும் பல கொட்டகைகளில் ஓடுகின்றன.

சரி, கையில் இருக்கும் போல்ட்டு எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிப்பது எப்படி? ஒரு ஸ்கேல் போதும்.

முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பிப் பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்யுங்கள். ஸ்கேலின் மில்லிமீட்டர் பக்கத்தை நீளவாக்கில் வைத்து, ஒரு மரை முகட்டைப் பூஜ்யம் என்று கொண்டு, அங்கிருந்து பத்தாவது முகடு எங்கே வருகிறது என்று பாருங்கள். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 15-ல் வரும். 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 17½-ல் வரும். மூணு நூல் விட்வொர்த் போல்ட்டுக்கு 16-ஐ ஒட்டி வரும். நாலு நூல் என்றால் 21-ஐயும் தாண்டிவிடும். போல்ட்டு குட்டையாக இருந்தால், நன்றாகத் தெரிந்த ஒரு போல்ட்டை எடுத்து இரண்டு மரையையும் பல்லோடு பல்லாகச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையில் வெளிச்சம் கசிந்தால் சாதி வேறு.

அமெரிக்க மரையில் ஏமாறாதீர்கள். மூணு நூலில் விட்வொர்த்துக்கும் அமெரிக்க மரைக்கும் அங்குலத்துக்கு 16 தான். சரிவு வேறு. நாலு நூலில் விட்வொர்த்துக்கு 12, அமெரிக்க மரைக்கு 13.

ஸ்பேனரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மில்லிமீட்டர் ஸ்பேனரில் போட்டிருக்கும் எண் அதன் வாயின் அளவு. பழைய விட்வொர்த் ஸ்பேனரில் இருப்பதோ போல்ட்டின் பருமன். மூணு நூல் ஸ்பேனரின் வாய் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். அந்த நட்டில் 17 ஏறாது. 19 ஏறும், ஆனால் ஆடும். ஆடுகிற ஸ்பேனரை இழுத்தால் நட்டின் மூலை மழுங்கி உருண்டையாகிவிடும். அப்புறம் உளிதான்.

தண்ணீர்க் குழாய் மட்டும் தனிக் கதை. 1870-களில் சவானா ஆலையில் பூமியைத் துளைத்தபோது தண்ணீர் தானாகவே மேலே பொங்கியது. அந்த ஆர்ட்டீசியன் ஊற்றுகளைப் பற்றி வில்லியம் கிங் என்ற நிலவியல் அறிஞர் 1880-ல் எழுதியிருக்கிறார். பொங்கின தண்ணீர் கீழே போனபிறகு எஞ்சினும் பம்பும் குழாயும் நமக்குத் தேவைப்பட்டன. மெட்ரிக் தேசமான பிரான்சுகூடக் குழாய்க்கு இங்கிலீஷ் மரையைத்தான் வைத்துக்கொண்டது. அதற்கு ‘காஸ்’ மரை என்று பேர். ஒரு இஞ்சு குழாயின் வெளிவிட்டம் 33 மில்லிமீட்டர் இருக்கும். அளந்து பார்த்துக் குழம்பாதீர்கள். குழாய்க்குப் பேர் உள்துளையை வைத்து வந்தது.

பழைய பித்தளைத் தகடு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எழுத்து போனால் ஜாதகமே போயிற்று. ‘எஸ்.ஜி.டி.ஜி.’ என்ற பிரெஞ்சு எழுத்துகள் இருந்தால் அது பிரெஞ்சுச் சரக்கு. காப்புரிமை உண்டு, ஆனால் அரசாங்கம் உத்தரவாதம் இல்லை என்று அதற்குப் பொருள். 1968 வரை அங்கே அந்த வழக்கம் இருந்தது. ‘சி.வி.’ என்றால் பிரெஞ்சுக் குதிரைசக்தி, 735 வாட். இங்கிலீஷ் குதிரைசக்தி 746 வாட். வால்வில் ‘எஃப்’ என்று இருந்தால் மூடுகிற பக்கம், ‘ஓ’ என்றால் திறக்கிற பக்கம். வார்ப்பில் புடைத்து நிற்கும் எண் அச்சின் எண். எஞ்சினின் சொந்த எண் உளியால் குத்தியிருக்கும். உதிரிப் பாகம் கேட்கும்போது குத்திய எண்ணைச் சொல்லுங்கள்.

கடைசியாக மூன்று சொல். ஒன்று, எந்த நட்டையும் முதல் ஐந்தாறு சுற்று கையாலேயே திருகுங்கள். கையில் போகாததைக் குழாய் போட்டு இழுக்காதீர்கள். இரண்டு, துருப்பிடித்து இறுகிய நட்டுக்கு டீசலும் மண்ணெண்ணெயும் விட்டு ஒரு ராத்திரி பொறுங்கள். மெதுவாகத் தட்டி, முதலில் துளி இறுக்கி, அப்புறம் தளர்த்துங்கள். மூன்று, ஒடிந்த பாகத்தைத் தூக்கி எறியாமல் லேத் பட்டறைக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.

இன்றைக்கே அந்த டப்பாவைக் கொட்டி, நூல் ஒரு பக்கம், மில்லிமீட்டர் ஒரு பக்கம் என்று பிரித்துவிடுங்கள். ஒரு பிற்பகல் வேலைதான். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் அந்த ஒரு பிற்பகல் உங்கள் பயிரைக் காப்பாற்றும்.