வெள்ளைக் கோபுரமும் பெயிண்ட் ஸ்ப்ரேயரும்

ஸ்ரீரங்கம் கோயிலில் மொத்தம் 21 கோபுரங்கள். பச்சை, நீலம், மஞ்சள் என்று வண்ணம் பூசிய கோபுரங்களைப் பார்த்துக்கொண்டே கிழக்குப் பக்கம் வந்தால் ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கும். அதுதான் வெள்ளைக் கோபுரம்.

அதற்கு ஏன் வெள்ளை? 14-ம் நூற்றாண்டில் டில்லி சுல்தானின் படை ஸ்ரீரங்கத்தில் புகுந்த காலத்தில், வெள்ளையம்மாள் என்ற தேவதாசி படைத் தலைவனை ஆசை காட்டி இந்தக் கோபுரத்தின் உச்சிக்கு அழைத்துப் போய்க் கீழே தள்ளிவிட்டாளாம். பிறகு தானும் குதித்து உயிரை விட்டாளாம். அவள் நினைவாகத்தான் வெள்ளை என்று ஊரில் சொல்வார்கள். இதில் சரித்திரம் எவ்வளவு, கதை எவ்வளவு என்பது தனி விவாதம். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது வேறு. இவ்வளவு உயரத்துக்கு வெள்ளையடிக்க எந்தக் கருவி சரி?

பழைய பதில் மட்டை. தாழை வேரையோ தென்னை நாரையோ நசுக்கி, நுனியைப் பிரஷ் மாதிரி ஆக்கிக் கட்டியது. பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சுண்ணாம்பு தண்ணீர் மாதிரி ஓடும், மட்டை அதை அள்ளி வைத்துக்கொள்ளும். தேய்க்கத் தேய்க்கச் சுவரின் சின்னச் சின்னத் துளைகளுக்குள் சுண்ணாம்பு போய் உட்காரும். பூசிய பிறகு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாகவே மாறும். காய்ந்தால் மட்டும் போதும் என்கிற சமாசாரம் இல்லை இது!

வேடிக்கை என்னவென்றால், பெயிண்ட் ஸ்ப்ரேயரும் வெள்ளையடிப்பதற்காகவே பிறந்தது. 1887-ல் சிகாகோவில் மார்ஷல் ஃபீல்ட் என்ற பெரிய மொத்த வியாபாரக் கடையில் பராமரிப்பு வேலைகளைக் கவனித்துவந்தவர் ஜோசப் பிங்க்ஸ். நிலவறைச் சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. பிரஷ் வைத்து அடித்தால் எப்போது முடிவது? கையால் பம்ப் அடித்துப் பீய்ச்சும் ஒரு மெஷினைச் செய்தார்.

1893-ல் அதே சிகாகோவில் உலகக் கண்காட்சி. திறப்பு விழா நாள் நெருங்கிவிட்டது, கட்டடங்களோ மலை மாதிரி நிற்கின்றன. வண்ண வேலைக்குப் பொறுப்பான ஓவியர் பிரான்சிஸ் மில்லட்டும் அவருடைய ஆட்களும் காற்றழுத்தத்தில் குழாய் வழியாக வெள்ளைப் பெயிண்டைப் பீய்ச்சியடித்து வேலையை முடித்தார்கள். கண்காட்சிக்கே 'வெள்ளை நகரம்' என்று பெயர் வந்துவிட்டது. அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வமத மகாசபையில்தான் செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசினார். அவரை அனுப்பிவைக்கச் சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள். நாம் படித்த சிகாகோ அது. பெயிண்ட் அடித்த கதையைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து ஒரு டாக்டர். ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ ஊரில் ஆலன் டிவில்பிஸ், தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு சின்னக் கருவி செய்தார். அவருடைய மகன் தாமஸ் அதே தத்துவத்தில் 1907-ல் பெயிண்ட் ஸ்ப்ரே கன் செய்தார். 1923-ல் டூபாண்ட் கம்பெனியின் 'டூக்கோ' வந்தது. அதுவரை கார் பெயிண்ட் காயவே வாரக்கணக்கில் ஆகும். டூக்கோ மளமளவென்று காயும், அதனாலேயே பிரஷ்ஷால் இழுத்துப் பூச முடியாது, ஸ்ப்ரேதான் வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் கார் பெயிண்டைப் பொதுவாக 'டூக்கோ' என்று சொல்வது அந்தப் பழைய பிராண்டின் பெயரைத்தான்.

திருச்சிக்கு ஸ்ப்ரே புதிதல்ல. 1920-களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு ரயில்வே பணிமனை வந்தது. 1960-களில் பெல் கொதிகலன் தொழிற்சாலை வந்தது. அதைச் சுற்றி இரும்பு வேலை செய்யும் பட்டறைகள் முளைத்தன. பக்கத்துக் கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள். இரும்புத் தகடு வழவழப்பாக இருக்கும், பெயிண்டை உள்ளே இழுக்காது, பிரஷ் கோடும் தெரியக் கூடாது. அங்கே ஸ்ப்ரேதான் ராஜா.

ஆனால் எந்த ஸ்ப்ரே? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கம்ப்ரஸரோடு வரும் சாதாரணக் கன் பெயிண்டைப் பனி மாதிரி ஆக்கிவிடும். ஃபினிஷ் அழகு, ஆனால் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும். எச்.வி.எல்.பி. என்கிற வகையில் காற்று நிறைய, அழுத்தம் குறைவு. கன்னின் வாயில் 10 பிஎஸ்ஐக்கு மேல் போகாது (கார் டயரில் இருப்பதே சுமார் 30). பெயிண்ட் மிச்சமாகும், கதவு, பீரோவுக்கு நல்லது, பெரிய சுவருக்கு ஆகாது. ஏர்லெஸ் என்பது 1950-களில் வந்தது. இதில் காற்றே கிடையாது. பெயிண்டையே 2000, 3000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஊசித் துளை வழியாகத் தள்ளும். முனையில் 517 என்று போட்டிருந்தால், முதல் எண் 5-ஐ இரட்டிப்பாக்க வேண்டும், பீய்ச்சும் அகலம் 10 அங்குலம். மீதி 17 என்றால் துளை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. அடுக்குமாடிச் சுவரை ஒரே நாளில் முடித்துவிடலாம். விரலை முனைக்கு நேரே வைத்தால் பெயிண்ட் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். சின்னக் காயம் மாதிரிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம்.

சரி, இதையே கோபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால்? ராஜகோபுரத்தை எடுத்துக்கொள்வோம். நாயக்கர் காலத்துக்கும் முன்னால், விஜயநகர மன்னர் அச்சுத தேவராயர் காலத்தில் தொடங்கி, சுமார் 400 வருஷம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அகோபில மடத்தின் 44-வது ஜீயர் முயற்சியால் 1987 மார்ச் 25-ல் குடமுழுக்கு நடந்தது. 13 நிலை, 236 அடி. அந்த உயரத்தில் காவிரிக் காற்று வீசும்போது ஸ்ப்ரே போகும் இடம் பொம்மையின் முகம் அல்ல, கீழே கடை போட்டிருப்பவரின் தலை! அது போக, சுதைச் சிற்பம் என்றால் கண்ணுக்கு ஒரு நிறம், உதட்டுக்கு ஒரு நிறம், நகைக்கு ஒரு நிறம். கைக்குப் பின்னால் இருக்கும் குழிக்குள் கன் நேராகப் பார்க்காது, பிரஷ் வளைந்து போகும். சுண்ணாம்பைக் கன்னில் ஊற்றினாலோ அதிலிருக்கும் நைசான கல் துகள் முனையை அடைக்கும், அரித்தும்விடும்.

இதுவரை சொன்னது பணமும் நேரமும் சம்பந்தப்பட்டது. தப்பாக வாங்கிய ஸ்ப்ரேயரை விற்றுவிடலாம். விற்க முடியாத தப்பு ஒன்று தமிழ்நாட்டுக் கோயில்களில் நடந்தது. அதைச் செய்தது ஸ்ப்ரேயரின் அண்ணன், மணல் வீச்சு மெஷின்.

அதுவும் குழாயில் வருவதுதான். பெயிண்டுக்குப் பதில் மணல். 1870-ல் பிலடெல்பியாவின் பெஞ்சமின் டில்க்மன் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆரம்பத்தில் எதற்குப் பயன்பட்டது தெரியுமா? கல்லில் எழுத்துப் பொறிக்க! அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த சிப்பாய்களின் கல்லறைக் கற்களில் பெயர் பொறித்தது இந்த முறையில்தான். நூறு வருஷம் கழித்து இங்கே அதே முறை எழுத்தை அழித்தது. பல தலைமுறைச் சுண்ணாம்பும் பெயிண்டும் அப்பிய கருங்கல் தூண்களைச் சீக்கிரம் 'சுத்தம்' செய்ய வேண்டும் என்று திருப்பணிகளில் மணலை வீசினார்கள். தூண் பளிச்சென்று ஆனது. கூடவே சிற்பத்தின் மூக்கு மழுங்கியது, கல்லின் மேல்தோல் போனது, சில மில்லிமீட்டர் ஆழமே உள்ள கல்வெட்டு எழுத்து தேய்ந்தது. கல்வெட்டு ஆய்வாளர்கள் சத்தம் போட்ட பிறகுதான் அறநிலையத் துறை இதற்குத் தடை போட்டது.

ஸ்ரீரங்கத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. இந்தக் கோயிலில் 600-க்கு மேல் கல்வெட்டுகள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 1982-ல் வந்த 24-வது தொகுதி முழுவதுமே ஸ்ரீரங்கத்துக்குத்தான். சோழர், பாண்டியர், ஹொய்சளர், விஜயநகரம் என்று யார் நிலம் கொடுத்தார், யார் விளக்கு எரிக்கப் பணம் கொடுத்தார் என்பதெல்லாம் அந்தச் சுவர்களில் இருக்கிறது.

மறைப்பது வேறு, அழிப்பது வேறு என்பதற்குத் தஞ்சாவூர் நல்ல சாட்சி. பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் மேல் நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி பார்த்தபோது, மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் சோழர் கால முகங்கள் அப்படியே இருந்தன. அதன் மேல் பூசியது கையும் பிரஷ்ஷும். அந்தச் சுவரில் மணலை வீசியிருந்தால் சோழரும் இல்லை, நாயக்கரும் இல்லை.

ஆக, இரும்பு கேட்டுக்குக் கம்ப்ரஸர் கன், பீரோவுக்கு எச்.வி.எல்.பி., புது வீட்டுச் சுவருக்கு ஏர்லெஸ். கல்வெட்டு இருக்கும் கருங்கல் சுவருக்கு எந்தக் குழாயும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். வெள்ளைக் கோபுரத்துக்கு அடுத்த முறை சாரம் கட்டும்போது ஆள் கூலி, நாள் கணக்கு எல்லாம் பேசுவார்கள். மெஷின் வைத்தால் பாதி நாளில் முடியும் என்று யாராவது சொல்லவும் கூடும்.