விலை பேசாத கடைகள்

திருவனந்தபுரத்தில் பாளையத்திலிருந்து தலைமைச் செயலகம் நோக்கிச் செல்லும் மகாத்மா காந்தி சாலையில் ஒரு சந்திப்புக்கு ஸ்பென்சர் ஜங்ஷன் என்று பெயர். சற்றுத் தொலைவில், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய மாதவராவின் சிலை நிற்கும் சந்திப்போ வெறும் 'ஸ்டாச்யூ' என்றே வழங்குகிறது. திவானின் பெயர் மக்கள் நாவில் தங்கவில்லை. கடைக்காரரின் பெயர் தங்கிவிட்டது.

1863இல் சென்னையில் தோன்றிய ஸ்பென்சர் நிறுவனம், யூஜின் ஓக்‌ஷாட் காலத்தில் மவுண்ட் சாலையின் பெருங்கடையாக வளர்ந்தது. சீமைச் சரக்கு முதல் திண்டுக்கல் சுருட்டு வரை அங்கே விற்பனையாயின. ஆனால் அக்கடை முதன்மையாக ஐரோப்பியருக்கும் அவர்களை ஒட்டி வாழ்ந்த செல்வருக்கும் உரியதாகவே இருந்தது. பேரமில்லாத விலை, சாமானியரைப் பொறுத்தவரை, எட்டாத விலையே.

பேரமின்மைக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1673இல் ஜப்பானின் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) மிட்சுயி தகதோஷி என்பவர் எச்சிகோயா என்னும் துணிக்கடையைத் திறந்தார். அந்நாளில் பட்டு வணிகர் செல்வர் வீடுகளுக்கே சரக்கைக் கொண்டுசென்று கடனுக்குக் கொடுப்பர். தவணை நாளில்தான் பணம் வரும். அதற்கான வட்டி விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். தகதோஷி இதனைத் தலைகீழாக்கினார். கடைக்கு வருவோர் யாராயினும் ஒரே விலை, ரொக்கப் பணம், வேண்டிய அளவுக்கே துணி வெட்டித் தரப்படும். முழுத் துணி வாங்க வசதியற்ற நகரத்தாரும் பட்டு வாங்கக்கூடியவர் ஆயினர். இக்கடையே 1904இல் மிட்சுகோஷி என்னும் பல்பொருள் அங்காடியாக உருமாறியது. இன்று நிஹோன்பாஷிக்குச் செல்லும் பயணி அதன் வாயிலில் 1914இல் வைக்கப்பட்ட இரு வெண்கலச் சிங்கங்களைக் காணலாம்.

திருவனந்தபுரத்தின் பழைய கடைவீதி, பதினெட்டாம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய சாலைக் கம்போளம். தமிழ் வணிகர் பலர் வேரூன்றிய இடம். அங்கே பேரம் பேசியே வாங்குவர். எனினும் பேரம் பேசக் கடைமுன் நிற்க வேண்டும். நிற்கத் தெருவில் நடக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பல பொதுவழிகள் மறுக்கப்பட்டிருந்தன. தொலைவில் காசை வைத்து, பொருள் வைக்கப்படும்வரை அவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. காசுக்குத் தீட்டில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1893இல் அய்யன்காளி வில்வண்டியேறிப் பொதுவழியில் சென்றது இந்த முறைமையின் மீதான நேரடி அறைகூவல். அவ்வண்டி கேட்டது விலைக்குறைப்பை அன்று, வழியை.

மவுண்ட் சாலைக் கட்டடம் 1983இல் தீக்கிரையாயிற்று. நிஹோன்பாஷிக் கட்டடம் 2016இல் ஜப்பானிய அரசின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. ஸ்பென்சர் ஜங்ஷனுக்கு அருகில், அதே சாலையில், 1896இல் எழுந்த விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால் 2019 முதல் அய்யன்காளி ஹால் எனப்படுகிறது.