மிதிவண்டி விளக்கின் கதை

இரவில் வண்டியோட்டிச் செல்பவனுக்கு விளக்கினால் இரண்டு பயன்கள் உண்டு. தன் முன்னே உள்ள வழியை அவன் காண வேண்டும். தான் வருவதை எதிரே வருபவர் காண வேண்டும். மாட்டு வண்டிக்காரர் வண்டியின் அடியில் ஓர் அரிக்கேன் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு இவ்விரண்டையும் ஒருவாறு நிறைவேற்றிக்கொண்டார். மோட்டார் வண்டிக்கு அதன் எந்திரமே மின்சாரம் ஆக்கித் தருகிறது. மிதிவண்டிக்கோ ஓட்டுபவனின் கால்களைத் தவிர வேறு எந்திரம் இல்லை. ஆகவே அதற்குரிய விளக்கு எடை குறைந்ததாயும், காற்றுக்கும் குலுக்கலுக்கும் அணையாததாயும், எளியவரும் வாங்கத்தக்கதாயும் இருத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஓட்டுபவன் வீடு சேரும் வரையில் அது எரிய வேண்டும். இந்தக் கடைசித் தேவையை நிறைவேற்றுவதற்கு மனிதன் பட்ட பாடே மிதிவண்டி விளக்கின் வரலாறு எனலாம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேலை நாடுகளில் மிதிவண்டி பெருகியபோது முதலில் வந்தது எண்ணெய் விளக்கு. சிறிய தகரக் கூடு, அதனுள் ஒரு திரி, முன்புறம் ஒரு கண்ணாடி, அவ்வளவே. மேடு பள்ளத்தில் வண்டி குதித்தால் சுடரும் குதித்து அணைந்துவிடும். 1892இல் தாமஸ் வில்சன் என்பவர் மின் உலையில் கால்சியம் கார்பைடு என்னும் பொருளை ஆக்கும் வழியைக் கண்டார். அப்பொருளின்மீது நீர் சொட்டினால் அசெட்டிலீன் என்னும் வாயு பிறக்கும்; அது வெண்மையாக, கண்ணைக் கூசச் செய்யும்படி எரியும். சில ஆண்டுகளுக்குள் இதனைக் கொண்டு மிதிவண்டி விளக்குகள் செய்யப்பெற்றன. மேல் அறையில் நீர். கீழ் அறையில் கார்பைடு. இடையே நீரின் சொட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. ஒளி சிறந்ததுதான். ஆயினும், நாள்தோறும் உள்ளே தங்கிய சுண்ணாம்புச் சேற்றைக் கழுவ வேண்டும். நாற்றத்தைப் பொறுக்க வேண்டும். திருகை மூடிய பின்னரும் ஈரமுற்ற கார்பைடு சிறிது நேரம் வாயுவை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும்.

இதற்கிடையே மின்சாரம் கைக்கு அடக்கமாக வந்து சேர்ந்தது. 1866இல் பிரெஞ்சு நாட்டவரான ஜார்ஜ் லெக்லான்ஷே ஒரு மின்கலம் அமைத்தார். அதில் இருந்த நீர்மம் சிந்தக்கூடியது. ஜெர்மானியரான கார்ல் காஸ்னர் 1886இல் அந்நீர்மத்தைப் பசையாக்கித் துத்தநாகக் குப்பிக்குள் அடைத்தார். கவிழ்த்தாலும் சிந்தாத இப்பசை மின்கலமே டார்ச் விளக்கின் தாய். 1899இல் அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பவர் குழல் வடிவான கைவிளக்குக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அக்காலத்து மின்கலங்கள் தொடர்ந்து மின்னோட்டம் தர இயலாமல் விரைவில் சோர்ந்துவிடும். சிறிது நேரம் எரித்து அணைத்தால்தான் தாங்கும். ஆதலால் அமெரிக்கர் அதற்கு மின்வெட்டு விளக்கு என்னும் பொருள்படப் பெயரிட்டனர். மின்வெட்டைக் கொண்டு இருட்டில் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். நெடுவழி செல்ல முடியுமா?

முடியும் என்று காட்டியவர் ஜப்பானியர் ஒருவர். கோனொசுகே மட்சுஷிட்டா 1894இல் பிறந்தவர். குடும்பம் நொடித்துப் போனமையால் பள்ளிப் படிப்பை ஒன்பதாம் வயதில் விட்டு ஒசாகா நகரத்துக்குக் கடைச் சிறுவனாகச் சென்றார். அங்கே மிதிவண்டிக் கடை ஒன்றிலும் பல ஆண்டுகள் வேலை செய்தார். 1918இல் சிறு மின்கருவிகள் செய்யும் தொழிற்கூடம் ஒன்றைத் தொடங்கினார். இரவில் மிதிவண்டியோட்டுவோர் படும் தொல்லையை அவர் நேரில் அறிந்தவர். அந்நாளில் கிடைத்த மின்கல விளக்குகள் இரண்டு மூன்று மணி நேரமே எரிந்தன. மெழுகுவத்தி விளக்கோ காற்றில் அணைந்தது.

புதிய மின்சாரத்தையோ புதிய உலோகத்தையோ மட்சுஷிட்டா தேடவில்லை. கடையில் கிடைத்த பொருள்களையே எடுத்துக்கொண்டு, மிகக் குறைந்த மின்னோட்டத்தில் எரியும் பட்டாணி அளவுக் குமிழைத் தேர்ந்தார். மின்கலங்களை வேறு விதமாக அடுக்கினார். கூட்டை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். ஏறத்தாழ ஆறு மாதத்தில் நூறு மாதிரிகள் உருவாயின. 1923இல் துப்பாக்கிக் குண்டின் வடிவில் வெளிவந்த அவருடைய விளக்கு 30 முதல் 40 மணி நேரம் எரிந்தது. மின்கல விளக்கு என்றாலே நம்பத்தகாதது என்று எண்ணியிருந்த மொத்த வணிகர்கள் அதனை வாங்க மறுத்தனர். அவர் சோர்ந்துவிடவில்லை. கடைதோறும் விளக்குகளை விலையின்றிக் கொடுத்து, ஒன்றை ஏற்றி வைத்துவிட்டு, எத்தனை மணி நேரம் எரிகிறது என்று நீங்களே பாருங்கள் என்று சொல்லி வந்தார். விளக்கே தன் வழக்கைத் தானே வாதாடி வென்றது. ஒளியின் மிகுதியைவிட ஒளியின் நெடுமையே வழிச்செல்வோனுக்கு வேண்டியது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

சக்கரத்தோடு உராய்ந்து சுழலும் டைனமோவும் பல நாடுகளில் பரவியது. அதற்கு மின்கலச் செலவு இல்லை. நம் ஊர்களிலும் பலர் அதனை நன்கறிவர். ஜெர்மனியில் பெரும்பாலான மிதிவண்டிகளுக்கு டைனமோ விளக்கே வேண்டும் என்ற சட்டம் 2013 வரையில் இருந்தது. எனினும் அதற்கும் ஒரு குறை உண்டு. கால் சுமை கூடும். வண்டி நின்றால் பழைய டைனமோ விளக்கும் நின்றுவிடும். நாற்சந்தியின் நடுவே, நாம் பிறர் கண்ணுக்குத் தெரியவேண்டிய வேளையிலே, இருள் சூழ்ந்துகொள்ளும்.

தீர்ந்தபின் மீண்டும் மின்னேற்றத்தக்க சேமக்கலத்தைப் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே 1859இலேயே செய்திருந்தார். ஆனால் அது காரீயத்தாலானது, கனமானது. இலேசான லித்தியம் அயனிக் கலம் 1991இல்தான் விற்பனைக்கு வந்தது. விளக்கின் பக்கமும் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. 1962இல் நிக் ஹோலன்யாக் செவ்வொளி தரும் எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய அறிஞர்கள் ஒளிமிக்க நீல எல்.இ.டி.யை உருவாக்க, அதிலிருந்து வெள்ளொளி பெறும் வழி பிறந்தது. அதற்காக அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். இழை இல்லாமையால் இவ்விளக்குக் குலுக்கலுக்கு அஞ்சுவதில்லை.

இவ்விரண்டும் மலிந்த பின்னர், பல நாடுகளில் கைத்திறன் வாய்ந்த இளைஞர்கள் மட்சுஷிட்டாவின் வேலையைத் தம் வீட்டு மேசையிலேயே தொடரலாயினர். சந்தையில் கிடைக்கும் மலிவான எல்.இ.டி. டார்ச்சை வாங்கி, மீண்டும் மின்னேற்றக்கூடிய மிதிவண்டி விளக்காக அதனை மாற்றினர். இதில் அறிவு வேண்டிய இடம் ஒன்று உண்டு. அத்தகைய டார்ச்சில் 1.5 வோல்ட் உடைய சிறு கலங்கள் மூன்று சேர்ந்து 4.5 வோல்ட் தரும். வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 3.2 வோல்ட் போதும். மிகுதியை அடக்குவது எது? மலிவான டார்ச்சுகள் பலவற்றில் அதற்கென்று தனி உறுப்பே இல்லை. அச்சிறு கலங்களின் உட்தடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. அவற்றை எடுத்துவிட்டு, உட்தடை மிகக் குறைந்த லித்தியம் கலத்தை வைத்தால் மின்னோட்டம் பாய்ந்து பெருகும், எல்.இ.டி. சூடேறிக் கெடும். ஆகவே இடையே ஒரு மின்தடையைச் சேர்த்தல் இன்றியமையாதது.

கணக்கும் எளிதே. முழுதும் மின்னேறிய லித்தியம் கலம் 4.2 வோல்ட். எல்.இ.டி.க்கு 3.2 போக எஞ்சுவது 1 வோல்ட். 4 ஓம் மின்தடையை வைத்தால் 0.25 ஆம்பியர் ஓடும். 2 ஆம்பியர்-மணிக் கலம் ஒன்று 1 ஆம்பியர் வீதம் இரண்டு மணி நேரமே தாங்கும்; 0.25 ஆம்பியர் வீதம் எட்டு மணி நேரம் தாங்கும். ஒளி நான்கில் ஒரு பங்கானாலும், நம் கண்ணுக்கு அத்துணைக் குறைவு தோன்றுவதில்லை. கலம் தீரத் தீர ஒளி மெல்ல மங்கி ஓட்டுபவனை எச்சரிக்கவும் செய்கிறது.

இதனைச் செய்து பார்க்க விரும்பும் மாணவர் சில செய்திகளை மறத்தல் ஆகாது. லித்தியம் கலத்தை அதற்கென அமைந்த மின்னேற்றியால், 4.2 வோல்ட்டுக்கு மிகாமல் ஏற்ற வேண்டும். காப்புச் சுற்று உள்ள கலமே ஏற்றது. பழைய கணினிகளிலிருந்து பிரித்த கலங்களும், நசுங்கியவையும் தீப்பற்றக் கூடும். தொடக்கத்தில், சாதாரணக் கலத்தின் வடிவிலேயே கிடைக்கும் நிக்கல் உலோக ஹைட்ரைடு கலங்கள் மூன்றை வைத்துப் பழகுதல் நன்று. அவற்றின் உட்தடையும் குறைவே. ஆயினும் மூன்றும் சேர்ந்து சுமார் 3.6 வோல்ட்டே தருவதால், அங்கே ஒன்றிரண்டு ஓம் மின்தடை போதும். டார்ச்சின் ஒளி வட்டமாக விரிந்து எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும்; ஆதலின் பழைய டியூபின் ரப்பர் துண்டால் கைப்பிடியில் இறுகக் கட்டும்போது அதனைச் சாலையை நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். பின்புறம் ஒரு சிவப்பு விளக்கும் தேவை.

கண்ணைப் பறிக்கும் ஒளியுடைய டார்ச்சுகள் கடைகளில் எத்தனையோ கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை வாங்க எண்ணும் இளைஞன் ஒசாகாக் கடைகளில் மட்சுஷிட்டா கேட்ட கேள்வியையே கேட்கட்டும்: இஃது எத்தனை மணி நேரம் எரியும்? ஆலையில் இரவு வேலை முடிந்து பத்துக் கல் தொலைவு மிதித்து வீடு திரும்பும் ஒரு தொழிலாளிக்கு அந்த விடையே உயிர்க்காப்பு.