மார்பகக் குறைப்புச் சத்திரசிகிச்சையும் ஓய்வின் அவசியமும்

மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி கழுத்து வலி, முதுகு வலி என முறையிட்டால், கூடையின் பாரமே காரணம் எனக் கூறி வலிநிவாரணி மாத்திரையோடு அனுப்பிவிடுவது எளிது. ஆனால், சிலருக்கு உடலமைப்பிற்கு மீறிப் பெருத்த மார்பகங்களே அவ்வலிக்குக் காரணமாக இருக்கக்கூடும். உள்ளாடைப் பட்டி தோளில் பதிக்கும் ஆழமான தடங்கள், மார்பின் கீழ்மடிப்பில் மீண்டும் மீண்டும் தோன்றும் தோல் அழற்சி, கைவிரல்களில் மரத்துப்போகும் உணர்வு ஆகியன இதன் அறிகுறிகளாகும். இது அழகு பற்றிய பிரச்சினையன்று. சிகிச்சையுள்ள உடல் உபாதையாகும்.

மார்பகக் குறைப்புச் சத்திரசிகிச்சை முழு மயக்க நிலையில், வழக்கமாக 2 முதல் 4 மணித்தியாலம் வரை நடைபெறும். மேலதிகக் கொழுப்பும் சுரப்பித் திசுவும் தோலும் அகற்றப்பட்டு, முலைக்காம்பு மேல்நோக்கி நகர்த்தப்படும். அகற்றிய திசு ஆய்வுகூடப் பரிசோதனைக்கு அனுப்பப்படுவது வழக்கம். தழும்புகள் முற்றாக மறையாவிடினும் ஓராண்டளவில் மங்கும். முலைக்காம்பின் உணர்ச்சி குறையலாம். தாய்ப்பால் சுரப்பும் பாதிக்கப்படலாம். ஆகவே, மேலும் பிள்ளை பெற விரும்புவோர் இதனை வைத்தியரிடம் முன்னரே கூற வேண்டும். புகையிலையிலுள்ள நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துவதால், வெற்றிலையுடன் புகையிலை போடும் பழக்கத்தைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்துவது அவசியம். நீரிழிவும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

சிகிச்சையின் பின் முதல் நாளிலிருந்தே மெல்ல நடப்பது கால்களில் இரத்தம் உறைவதைத் தடுக்க உதவும். இறுக்கமான ஆதரவு உள்ளாடையைச் சில வாரங்கள் இரவும் பகலும் அணிய வேண்டும். 4 முதல் 6 வாரங்கள் வரை பாரம் தூக்குதல், கைகளை உயர்த்திச் செய்யும் வேலைகள் கூடாது. காய்ச்சல், சீழ், ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்குதல் ஆகியன தோன்றினால் உடனே வைத்தியசாலையை நாட வேண்டும்.

இங்கேதான் தோட்டப் பெண்ணின் உண்மையான சிக்கல் தொடங்குகின்றது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், ஓய்வு இலவசமன்று. நாட்சம்பளத்தில் வாழ்பவருக்கு ஆறு வார ஓய்வு என்பது ஆறு வார வருமான இழப்பாகும். காயம் ஆறுமுன் கூடை சுமந்தால் தையல் பிரியும் அபாயம் உண்டு. எனவே, வைத்தியச் சான்றிதழின் அடிப்படையில் விடுமுறையும், அதன்பின் சில காலம் இலகுவான வேலையும் வழங்கத் தோட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும். தொழிற்சங்கங்களும் இதனை வலியுறுத்த வேண்டும்.

லிந்துலைப் பெண்கள் தமது பகுதி மருத்துவமாதுவிடமோ, 1996 முதல் நாட்டில் இயங்கிவரும் சுகவனிதையர் கிளினிக்கிலோ முதலில் ஆலோசனை பெறலாம். அங்கிருந்து நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும், தேவையேற்படின் கண்டி தேசிய வைத்தியசாலைக்கும் அனுப்பப்பட வழியுண்டு. பரிசோதனையின்போது பெண் தாதி ஒருவர் உடனிருக்க வேண்டுமெனக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. மார்பில் கட்டி, இரத்தக் கசிவு போன்றவை இருப்பின் அது வேறு விடயம். ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

கூச்சத்தால் மறைக்கப்படும் வலி குறைவதில்லை. அதனைக் கூற முன்வரும் பெண்ணுக்குச் சிகிச்சையும் ஓய்வும் ஒருங்கே கிடைக்கச் செய்வது குடும்பத்தினதும் தோட்டத்தினதும் கடமையாகும்.