குழந்தையின்மை: மனைவிக்கு மட்டும் டெஸ்ட் ஏன்? ஆணின் மரபணு பற்றி சுண்டெலிகள் சொல்லும் உண்மை

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வரும் ஆணிடம் "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி வீட்டில் இருக்கும் மனைவிக்குத்தான். ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், கருக்குழாய் பரிசோதனை என்று அவருடைய ஃபைல் தடிமனாகிக்கொண்டே போகும். கடைசியில் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருவுக்குப் போன பிறகுதான், "சார், நீங்களும் ஒரு டெஸ்ட் கொடுங்க" என்று டாக்டர் கணவரிடம் சொல்வார். பல குடும்பங்களில் நடப்பது இதுதான்.

உலகில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மைப் பிரச்னையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. சிகிச்சைக்கு வரும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி, பிறக்கும்போதே மரபணுவில் எழுதப்பட்ட காரணம். இதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியைக் கற்றுக்கொடுத்தவை சுண்டெலிகள்.

எலிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

விந்தணு உருவாகும் முறை இரண்டு உடம்பிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விரையில் உள்ள மூல செல்கள் பெருகும். பிறகு குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும்படி பிரியும். கடைசியில் உருண்டையான செல்லுக்குத் தலையும் வாலும் முளைக்கும். சுண்டெலிக்கு இந்த வேலை முடிய சுமார் 35 நாள், மனிதனுக்கு சுமார் 74 நாள். கடும் காய்ச்சல் வந்துபோன பிறகோ மருந்து ஆரம்பித்த பிறகோ "மூணு மாசம் கழிச்சு திரும்ப டெஸ்ட் எடுங்க" என்று டாக்டர் சொல்வது இதனால்தான். ஒரு புது 'பேட்ச்' வெளியே வர அவ்வளவு நாள் ஆகும்.

எலியில் ஒரு வசதி இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் நீக்கிவிட்டு, அந்த எலிக்குக் குட்டி பிறக்கிறதா என்று பார்க்கலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் எலி பருவத்துக்கு வந்துவிடும், கர்ப்பம் மூன்றே வாரம். 2001இல் கேட்ஸ்பெர் என்ற மரபணுவை இப்படி நீக்கிப் பார்த்தார்கள். விந்தணு எண்ணிக்கை குறையவில்லை, மைக்ரோஸ்கோப்பில் உருவமும் சரியாகவே இருந்தது. ஆனால் முட்டையின் உறையைத் துளைக்கும் வேகம் இல்லை, குட்டியும் இல்லை. 'கவுண்ட் நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தாலும் பிரச்னை இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எதிர்பாராத முடிவுகளும் வந்தன. முக்கியமாக விரையில் வேலை செய்யும் மரபணுக்கள் எலியில் 2,000க்கும் மேல். அவை எல்லாமே அவசியம் என்றுதான் எவரும் நினைப்போம். ஆனால் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகக் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், 54 மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கியும் ஆண் எலிகள் சாதாரணமாகக் குட்டி போட வைத்தன!

ஹவாய் பல்கலைக்கழகக் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒய் குரோமோசோமில் இரண்டே மரபணுக்கள் இருந்தால்கூட, லேபில் ஊசி மூலம் கருவூட்டி எலிக்குட்டி பெற முடியும் என்று காட்டியது.

பெங்களூருவில் நடந்தது என்ன?

ஓசூரிலிருந்து எல்லை தாண்டினால், பெங்களூரு ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம் இருக்கிறது. அதன் தலைவராக இருந்த பேராசிரியர் எம்.ஆர்.எஸ். ராவ் பல ஆண்டுகள் ஆராய்ந்தது, விந்தணுவின் தலைக்குள் டிஎன்ஏ எப்படி அவ்வளவு இறுக்கமாகச் சுருட்டப்படுகிறது என்பதை. சாதாரண செல்லில் டிஎன்ஏவைச் சுற்றி வைக்கும் புரதங்களைக் கழற்றிவிட்டு, இடையில் வேறு புரதங்களைப் போட்டு, கடைசியில் புரோட்டமின் என்ற புரதத்தால் பேக்கிங் முடிகிறது. எலியில் புரோட்டமின் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே மலட்டுத்தன்மை வரலாம். பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டெனப் புரியும்: பொருள் தரமாக இருந்தும், டப்பா சரியில்லை என்றால் போய்ச் சேராது.

ஹைதராபாத் சிசிஎம்பியில் தமிழரான விஞ்ஞானி கே. தங்கராஜின் குழு நேரடியாக இந்திய ஆண்களையே ஆராய்ந்தது. விந்தணுவே இல்லாத 340 பேரைச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், 29 பேருக்கு ஒய் குரோமோசோமில் சிறு துண்டுகள் காணாமல் போயிருந்தன. 2022இல், 47 ஆண்களின் மரபணுக்களை முழுமையாகப் படித்து, பிறகு சுமார் 1,500 பேரிடம் சரிபார்த்து, எட்டுப் புதிய மரபணுக்களை அடையாளம் காட்டினார்கள்.

அண்மையில் இந்தப் பட்டியலில் சேர்ந்தது டெக்ஸ்13பி. எலியின் விந்து மூல செல்களில் இந்த மரபணுவை நீக்கியபோது, செல்லின் சுவாசிக்கும் திறன், அதாவது ஆற்றல் தயாரிக்கும் திறன், வெகுவாகக் குறைந்தது. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து மட்டும். உடனே "அப்போ மாமியார் மேலதான் குத்தமா?" என்று ஆரம்பிக்க வேண்டாம். யாரும் மரபணுவைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை.

ஃபர்னஸ் சூடு, பைக் சீட்... இதெல்லாம்?

ஃபவுண்டரி, ஃபர்னஸ், வெல்டிங் வேலை அதிகம் உள்ள ஊரில் நியாயமான சந்தேகம். விரை உடம்பைவிட சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் உற்பத்தி சரியாக நடக்கும். எலியின் விரையை 43 டிகிரி வெந்நீரில் சில நிமிடங்கள் வைத்தாலே வளரும் செல்கள் சாகத் தொடங்குகின்றன. ஆனால் வெப்பத்தால் வரும் குறைவு பெரும்பாலும், வெப்பம் விலகிய சில மாதங்களில் மீளக்கூடியது. மரபணுத் துண்டு காணாமல் போனால் அது மீளாது. எந்த லேகியமும், 'கவுண்ட் ஏத்தும்' எந்தப் பவுடரும் அதைத் திரும்பக் கொண்டுவராது. ஆறு மாத கோர்ஸ் என்று பணம் கட்டுவதற்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும்.

எலியை அப்படியே நம்பலாமா?

முழுவதுமாக முடியாது. மனிதனின் ஒய் குரோமோசோமில் உள்ள டாஸ் என்ற முக்கியமான மரபணு எலியின் ஒய்யில் கிடையாது. அதனால் எலியில் கண்டதை மனிதரிடம் மீண்டும் சரிபார்த்தே ஆக வேண்டும்.

என்ன டெஸ்ட், எப்போது?

முதலில் விந்து பரிசோதனை. வலி இல்லை, மனைவிக்குச் செய்யும் எந்தப் பரிசோதனையைவிடவும் எளிது. ஒரு மில்லி லிட்டரில் 1.6 கோடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு சொல்லும் கீழ் அளவு. அதற்குக் கீழே போனதாலேயே குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை. விந்தணு இல்லை, அல்லது 50 லட்சத்துக்கும் கீழே என்றால், குரோமோசோம் பரிசோதனையும் ஒய் துண்டு இழப்புப் பரிசோதனையும் கேட்கலாம். இரண்டுக்கும் ரத்தம் எடுத்தால் போதும்.

இந்த ரிசல்ட் முக்கியம், காரணம் செலவு. ஒய்யின் 'ஏ' பகுதி முழுதாக இல்லையென்றால், விரையில் ஆபரேஷன் செய்து தேடினாலும் விந்தணு கிடைக்காது. முன்பே தெரிந்தால் அந்த ஆபரேஷனும் பணமும் மிச்சம். 'சி' பகுதி மட்டும் இல்லையென்றால், பாதிப் பேருக்காவது கிடைக்க வாய்ப்புண்டு. ஒரே விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸி முறையில் குழந்தை பெறலாம். பிறப்பது மகன் என்றால், அதே ஒய்தான் அவனுக்கும் போகும், அதே குறையோடு. சிகிச்சையில் கையெழுத்துப் போடும் முன்பே மரபணு ஆலோசகரிடம் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.